கையில பழம் இருக்குங்கய்யா

வண்டி பிரேக் அடித்து நின்ற மறுகணம் சவரியப்பனின் இடது கை தண்ணீர் பாட்டிலை எடுத்துவிடும். வலது கை குடையை. வெயிலோ மழையோ, அந்தக் குடையை அவர் விரித்து யாரும் பார்த்ததில்லை. இரண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, முழங்கையால் கதவைத் தள்ளி, எல்லோருக்கும் கடைசியாக இறங்குவார். அதற்குள் டிரைவர் மதுரைவீரன் எதிர்வண்டிக்காரரின் தாயாரைப் பற்றித் தன் கருத்தைத் தெரிவித்திருப்பான். அவரும் மதுரைவீரனின் பரம்பரையைப் பற்றிச் சில ஐயங்களை எழுப்பியிருப்பார். பின்சீட்டுக் கண்ணாடி நான்கு விரற்கடை இறங்கி, அந்த இடுக்கின் வழியாக ஒரு குரல் வரும்.

"ஏட்டு, எடுத்துக் காட்டுய்யா."

எடுத்துக் காட்டவேண்டிய பொருள் சஃபாரிச் சட்டைக்கு அடியில், வலது இடுப்பில், தோலுறைக்குள் இருக்கிறது. கைத்துப்பாக்கி ஒன்று, தோட்டா பத்து. சவரியப்பன் ஆயுதப்படை ஏட்டு. வயது ஐம்பத்தொன்பது; ஓய்வுபெற ஏழு மாதம். துப்பாக்கியை அவர் ஒருநாளும் துப்பாக்கி என்று சொன்னதில்லை. 'சாமான்' என்பார். ஆறு வருடமாக ஒரே இடத்தில் அழுத்தியதில் இடுப்பெலும்பின் மேல் கறுத்துத் தடித்துப் போயிருக்கிறது. படுக்கும்போது சாமான் அலமாரியில் இருந்தாலும் வலப்பக்கம் சாய்ந்து படுக்க முடிவதில்லை.

கண்ணாடி இடுக்கின் குரலுக்கு உரியவர் உடையப்பன். ஆலங்குடிப் பக்கம் முந்திரி வியாபாரம். ஒரு பேரவையின் நிறுவனத் தலைவரும் கூட. பேரவையின் உறுப்பினர்கள் அனைவரும் அவருடைய முந்திரி ஆலையிலேயே வேலை பார்ப்பது தற்செயல். ஆறு வருடத்துக்கு முன் அவருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. கொலை செய்யப்போவதாக எழுதியவர், 'பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களை' என்று தொடங்கி, மரியாதை சற்றும் குறையாமல் மிரட்டியிருந்தார். அன்றிலிருந்து தலைவருக்குப் பாதுகாப்பு. கொலைகாரர் இதுவரை வரவில்லை. வருவதெல்லாம் தேங்காய் லோடு வண்டியும், ஆட்டோவும், ஒதுங்க இடமில்லாத சாலையில் ஒதுங்காமல் போகும் டவுன் பஸ்ஸும்தான். தலைவர் கணக்கில் இவர்கள் எல்லோருமே கொலைகாரர்கள்.

இந்தக் கொலைகாரர்களைச் சவரியப்பன் கையாளும் முறை பயிற்சிப் பள்ளிகளில் பாடமாக வைக்கத் தகுந்தது. இறங்கியதும் வலது இடுப்பை வண்டியோடு ஒட்டி நின்றுகொள்வார். எதிராளியின் கை எட்டாது. சட்டையின் கீழ்ப் பொத்தான் எப்போதும் போட்டிருக்கும். காற்றுக்கூடத் தூக்கக் கூடாது. யாரையும் தொடமாட்டார். குரலை, எதிராளி கத்துவதை நிறுத்தினால்தான் கேட்கும் அளவுக்குத் தாழ்த்திக்கொள்வார். "தப்பு எங்க மேலதாங்க" என்பது முதல் வாக்கியம். யார் மேல் தப்பு என்பதை அதற்குப் பிறகுதான் விசாரிப்பார். அடுத்தது பாட்டிலை நீட்டுவது. "தண்ணி குடிங்க, வெயிலு." குடிக்கிற வாயால் திட்ட முடியாது என்பது இவருடைய கண்டுபிடிப்பு. ஆறு வருடத்தில் நூறு பேராவது குடித்திருப்பார்கள். ஒருவர் மட்டும் வாங்கி இவர் மேலேயே ஊற்றினார். அன்று புழுக்கம், அதனால் அதையும் நல்லபடியாகவே எடுத்துக்கொண்டார்.

பாட்டில் சரி, குடை எதற்கு என்று கேட்டால், "ரெண்டு கையும் வேலையா இருக்கணுங்க. சும்மா இருக்குற கை இடுப்புக்குத்தான் போகும்" என்பார்.

ஒருமுறை போயிருக்கிறது. பதினெட்டு வருடத்துக்கு முன், வேறொரு பிரமுகர், வேறொரு சாலை. வேன்காரன் ஒருவன் வழிமறித்து ஏக வசனத்தில் பேசினான். சவரியப்பன் சட்டையின் விளிம்பை நான்கு விரல் தூக்கினார். அவ்வளவுதான், எடுக்கக்கூட இல்லை. வேன்காரன் ஓடவில்லை, வாயைத் திறந்தபடி நின்றான். வேனுக்குள்ளிருந்து அவன் மனைவி இறங்கி வந்து, கொதிக்கிற தார் ரோட்டில் விழுந்து இவர் பூட்ஸைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகள் இருக்கிறார்கள் அண்ணே என்று அவள் சொன்னதைச் சொல்லும்போது இன்றும் காலைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்கிறார்.

"சுட்டா எத்தன ரவுண்டுன்னு ரிஜிஸ்டர்ல எழுதிரலாங்க. சட்டையத் தூக்குனத எதுல எழுதுறது?"

தலைவருக்கு இந்த வழக்கம் எதுவும் பிடிக்காது. வெளியே எடுக்காத துப்பாக்கியை, கரண்ட் இல்லாத ஃபேனுக்கு ஒப்பிடுவார். ஊரில் இன்னொரு பிரமுகரின் காவலர் சுங்கச்சாவடியில் எடுத்துக் காட்டினாராம். என்ன மரியாதை, என்ன மரியாதை என்பார். அந்தக் காவலரின் செயல் மூன்று செல்போன்களில் பதிவாகி, அவர் மூன்று வருடமாக விசாரணைக்கு அலைந்துகொண்டிருக்கிறார் என்ற பின்பகுதி தலைவரின் கதையில் வருவதில்லை.

இப்படிக் கழிந்திருக்கவேண்டிய கடைசி மாதங்களில்தான் பலாப்பழம் வந்தது.

வல்லத்திராக்கோட்டையில் ஒரு கல்யாணம். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது, தலைவர் மதுரைவீரனை விரட்டிக்கொண்டே வந்தார். முன்னால் டிவிஎஸ் ஃபிப்டியில் அடைக்கலம் என்ற முப்பது வயதுக்காரர் போய்க்கொண்டிருந்தார். பக்கத்துக்கு ஒன்றாகச் சாக்கில் இரண்டு பலாப்பழம், காலடியில் ஒன்று. மதுரைவீரன் முந்தியபோது பக்கக் கண்ணாடி சாக்கில் உரசியது. டிவிஎஸ் சாய்ந்தது. ஒரு பழம் தார் ரோட்டில் விழுந்து பிளந்து, அந்த இடமே மணத்தது. மதுரைவீரன் போட்ட பிரேக்கில் தண்ணீர் பாட்டில் உருண்டு சீட்டுக்கு அடியில் போய்விட்டது. குடை எங்கோ சிக்கிக்கொண்டது. பல வருடங்களில் முதல் தடவையாகச் சவரியப்பன் வெறுங்கையோடு இறங்கினார்.

அடைக்கலம் எழுந்து நின்றார். முழங்காலில் ரத்தம். கையில் பழக்காம்பு அறுக்கும் அரிவாள்.

"பொடனியிலயாடா கண்ணு இருக்கு ஒங்களுக்கு? இங்கிட்டு மனுசன் போறது தெரியல?"

மதுரைவீரனிடமிருந்து வழக்கமான கருத்து எதுவும் வரவில்லை. அவன் கதவைப் பூட்டிக்கொண்டான். அரிவாள் ஆறடி தூரத்துக்கு வந்தது. கண்ணாடி இடுக்கு நான்கு விரற்கடையிலிருந்து ஒன்றாகச் சுருங்கியது. அதன் வழியே, "எடுய்யா, எடுத்துச் சுடுய்யா" என்று ஆணை பிறந்தது. எதிர்ப்புறம் இரண்டு பைக்குகள் நின்று, இரண்டு செல்போன்கள் உயர்ந்தன.

சவரியப்பன் குனிந்தார். காலடியில் உருண்டு கிடந்த முழுப் பழத்தை இரண்டு கையாலும் வாரித் தூக்கினார். பதினைந்து கிலோ இருக்கும். வயிற்றோடு அணைத்துக்கொண்டு, அரிவாளை நோக்கி நடந்தார்.

"எடுய்யாங்கிறேன்" என்றது இடுக்கு.

"கையில பழம் இருக்குங்கய்யா" என்றார் திரும்பாமலே. பிறகு அடைக்கலத்திடம், "தப்பு எங்க மேலதான் தம்பி. இதுக்கு ஒண்ணும் ஆகல, புடிங்க. எனக்குக் கை விட்டுப்போயிரும் போலருக்கு."

அடைக்கலம் பழத்தைப் பார்த்தார், அரிவாளைப் பார்த்தார். பலாப்பழத்தை ஒரு கையால் வாங்கமுடியாது. அரிவாளைச் சாக்கில் செருகிவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். பதினைந்து கிலோவைச் சுமந்துகொண்டு ஒருவர் இன்னொருவரை வெட்டியதாக இந்த மாவட்டத்தில் தகவல் இல்லை.

"வயசான ஆள அனுப்பிட்டு உள்ளார ஒக்காந்துருக்காரு பாருங்க ஒங்க மொதலாளி" என்றார் அடைக்கலம், பழத்தைச் சுமந்தபடி. சவரியப்பன் மறுக்கவில்லை. டிவிஎஸ்ஸை நிமிர்த்திக் கொடுத்தார், முழங்காலைப் பார்த்தார், எலும்பில் அடியில்லை என்றார், பிளந்த பழத்துக்கு உண்டானதைத் தன் சட்டைப்பையிலிருந்து கொடுத்தார். செல்போன்கள் ஏமாற்றத்துடன் இறங்கின. ஒரு கிழவர் பழம் தூக்கும் காட்சியை யார் பார்ப்பார்கள்?

வண்டி கிளம்பியதும் பின்சீட்டில் வீரம் திரும்பியது. ஆபத்து நேரத்தில் பழம் தூக்குகிற ஆள் தனக்கு வேண்டாம், நாளைக்கே மேலே எழுதுகிறேன் என்றார் தலைவர். ஏழு மாதம் இருக்கும்போது ஒரு மெமோ வந்தால் பென்ஷன் காகிதம் எந்த மேசையில் எத்தனை வருடம் தூங்கும் என்பது சவரியப்பனுக்குத் தெரியும். பதில் சொன்னது மதுரைவீரன், சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"எழுதுங்க தலைவரே. எழுதுனா விசாரிக்க வருவாக. அந்த மொட்டக் கடுதாசி யாரு கையெழுத்துன்னு மறுபடி எடுத்துப் பாப்பாக."

தலைவர் இன்றுவரை எழுதவில்லை.

இந்தக் கதையை மதுரைவீரன்தான் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான். ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள டீக்கடையிலும் சொன்னான். கடையே சிரித்தது. சவரியப்பனும் சிரித்தார், சிரிக்கவேண்டுமே என்பதுபோல. அவன் வண்டிக்குத் திரும்பிய பிறகு, பெஞ்சில் இருந்தவர்களிடம், யாரும் கேட்காமலே மீதியைச் சொன்னார்.

பலாப்பால் கையெல்லாம் ஒட்டியிருந்தது. வண்டியில் ஏறியதும் எதையும் தொடாமல் இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி உட்கார்ந்தார். சட்டைக்கு அடியில் ஏதோ குத்தியது. முழங்கையால் சட்டையை ஒதுக்கிப் பார்த்தால், உறையின் பொத்தான் திறந்து கிடந்தது. சட்டையின் கீழ்ப் பொத்தானும்.

"காலையில ரெண்டையும் போட்டேங்க. ரெண்டு தடவ பாத்தேன். எறங்குனேன், குனிஞ்சேன், பழத்த எடுத்தேன். நடுவுல எப்பத் தொறந்தேன்னு எனக்கே தெரியல."

டீ வந்தது. வலது கையைச் சட்டைக்கு மேலாகவே இடுப்புக்குக் கொண்டுபோய், பொத்தான் இருக்கும் இடத்தை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு அந்தச் சின்ன கிளாஸை, ஆவி பறக்கிற சூட்டோடு, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.