கோழிக்கூண்டில் விரித்தது

போன வாரம் தரைவிரிப்பு விற்கும் கடை ஒன்றுக்குப் போயிருந்தேன். மகளுடைய அறைக்கு வினைல் ஷீட் வேண்டும். டீயைக் கொட்டாமல் அவளுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் துடைத்தால் போய்விடுகிற மாதிரி பார்த்து வாங்கி வரச் சொல்லி என் மனைவி செல்வி அனுப்பியிருந்தாள். கடைக்காரர் ஒரு சுருளைக் காலால் தள்ளி விரித்தார். புது ஷீட்டின் வாசனை குப்பென்று எழுந்தது பாருங்கள், எனக்கு உடனே கோழி ஞாபகம் வந்துவிட்டது. வாய்விட்டுச் சொன்னால் அவர் என்ன நினைப்பாரோ என்று விலையைக் கேட்டேன்.

கல்யாணமான புதிதில் திருநகரில் ஒரு மாடிவீட்டில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர் இன்பராஜ் சார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவியும் டீச்சர்தான். அந்த அம்மா இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான் நாங்கள் குடிபோனோம். வாடகை கொடுக்கப் போகும்போது ஹாலில் மூக்குக்கண்ணாடி போட்ட அந்த அம்மாவின் படத்தைப் பார்ப்போம். சார் ரசீதைக் கொடுப்பார், கதவைச் சாத்துவார்.

செல்வி உசிலம்பட்டிக்காரி. நான் டூவீலர் ஷோரூமுக்குக் காலையில் போனால் இருட்டித்தான் வருவேன். அதுவரை அவளுக்குப் பேச ஆள் கிடையாது. நான் வரும்போது கண் சிவந்திருக்கும். கேட்டால் வெங்காயம் உரித்தேன் என்பாள். அத்தனை வெங்காயம் நாங்கள் வாங்கியதே இல்லை. அவள் அண்ணன் ஐந்து கோழிகளைக் கொண்டுவந்து விட்டுப் போன பிறகுதான் வெங்காயக் கணக்கு சரியானது. வாசலுக்கு முன்னால் இருந்த திறந்த மாடியில் பழைய சட்டங்களை வைத்துக் கூண்டு அடித்துக் கொடுத்தேன். கோழி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, நாளெல்லாம் அவற்றைத் திட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்றாவது வாரமே சார் படியேறி வந்தார்.

"கோழி வளக்குறதுல எனக்கொண்ணுமில்ல தம்பி. நாத்தம் கீழ வரக் கூடாது. ஒரு மாசம் பாப்பேன். பெறகும் வந்துச்சுன்னா கோழி போயிரணும்."

கூண்டுக்கு அடியில் சிமெண்டுத் தரை, அதுவும் சொரசொரப்பு. எச்சம் விழுந்தால் கழுவக் கழுவ ஊறும். மணல் கொட்டினேன். அள்ளி மாற்ற மூட்டை மூட்டையாகப் படியேற வேண்டியிருந்தது. சாக்கு விரித்தேன். இரண்டே நாளில் எங்களாலேயே உள்ளே இருக்க முடியவில்லை. மரத்தூள் போட்டேன். அது காற்றில் பறந்து கீழே சார் காயப்போட்ட வெள்ளை வேட்டியில் போய் உட்கார்ந்தது.

அப்போதுதான் நண்பன் சாகுலிடம் சொன்னேன். கோரிப்பாளையத்துக்காரன், பிளெக்ஸ் பேனர் கட்டுவதும் கழற்றுவதும் அவன் வேலை. மதுரையில் காதுகுத்துக்கும் பிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலிக்கும் பிளெக்ஸ். அவனுக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை.

"இத விரி மாப்ள. தண்ணி எறங்காது. கழட்டுனது எம்புட்டோ கெடக்கு" என்று ஒரு சுருளைத் தூக்கிப் போட்டான்.

ஊரார் முகத்தைக் கோழிக்கு மிதிக்கக் கொடுப்பது பாவம் என்று, யார் படம் என்றுகூடப் பார்க்காமல் படப்பக்கத்தைத் தரையில் கவிழ்த்து, வெள்ளைப் பக்கம் மேலே வர விரித்தேன். எனக்கு அவ்வளவு மரியாதை. ஆனால் பிளெக்ஸில் வழவழப்பு படம் அச்சடித்த பக்கம்தான். பின்பக்கம் சல்லடை மாதிரி இழையோடியிருக்கும். எச்சம் அதில் அப்பிக்கொண்டது.

மாதம் முடிகிற ஞாயிற்றுக்கிழமை. "திருப்பிப் போடுங்க. மூஞ்சியப் பாத்தா என் கோழியில்ல போயிரும்" என்றாள் செல்வி. குழாயடிக்கு இழுத்துப்போய்ப் புரட்டித் தண்ணீர் ஊற்றித் தேய்த்தோம். அழுக்கு நகர நகர, முதலாம் ஆண்டு நினைவஞ்சலி என்ற எழுத்து வந்தது. அப்புறம் ஒரு மூக்குக்கண்ணாடி. அப்புறம் மாதாமாதம் கீழே ஹாலில் பார்க்கிற முகம்.

சுருட்டக்கூட நேரமில்லை. கெடு முடிந்ததே என்று சார் படியேறி வந்துவிட்டார்.

டீச்சர் கன்னத்தில் ஒரு இறகு ஒட்டியிருந்தது. சார் குனிந்து அதை எடுத்தார். செல்வி அழுதுவிட்டாள்.

"தெரியாமச் செஞ்சுட்டோம் சார். கோழிய இன்னைக்கே ஊருக்கு அனுப்பிர்றேன்" என்றாள்.

எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. சார் பிளெக்ஸை நிதானமாகச் சுருட்டினார். "தங்கச்சி மகன் தெரு முக்குல கட்டுனது. யாரு கழட்டுனா, எங்க போச்சுன்னு நானும் கேக்கல" என்றார். ஈரச் சுருளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கியவர், பாதிப் படியில் நின்று சொன்னார்: "கோழிய அனுப்ப வேணாம்."

மறுநாள் காலையில் ஒரு பழுப்பு நிற வினைல் ஷீட்டோடு வந்தார்.

"இத விரிங்க. டீச்சர் படுக்கையில கெடந்தப்ப கட்டிலுக்கு அடியில போட்டிருந்தது. எட்டு மாசம் நாந்தான் கழுவுனேன். ரெண்டு வாளி தண்ணி, கொஞ்சம் பினாயில். நாத்தம் தங்காது."

உண்மைதான், தங்கவில்லை. கட்டில் கால் அழுந்திய நான்கு குழிகள் மட்டும் அந்த ஷீட்டில் இருந்தன. கழுவிவிட்டால் அவற்றில் தண்ணீர் நிற்கும், கோழிகள் அதில் வந்து குடிக்கும். சார் தினமும் காலையில் மேலே வந்து கொஞ்ச நேரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். செல்வி டீ கொடுப்பாள். இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். நான் வேலைக்குக் கிளம்பும்போதும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது சார் இல்லை. அந்த வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். கோழிகளும் போய்ச் சேர்ந்தன. ஷீட் வெயிலில் பொரிந்து உடைந்தது. நான்தான் குப்பை வண்டியில் போட்டேன், போட்டிருக்கக் கூடாது.

"கட்டில், பீரோ எதப் போட்டாலும் தடம் விழாதுண்ணே. ஒரு வருசம் கழிச்சு எடுத்தாலும் புதுசு மாதிரியே இருக்கும்" என்றார் கடைக்காரர். வீட்டுக்குப் போன் போட்டு அதை அப்படியே செல்வியிடம் சொன்னேன்.

"அப்ப கோழி எதுல தண்ணி குடிக்கும்" என்றாள்.