கரண்ட் மட்டும் வாங்கிக்கொண்ட வீடு

ஐம்பதுகளின் தொடக்கத்தில், பெங்களூர் மர்பி டவுனில், ஒரு வெயில் பிற்பகலில் நடந்தது இது. அப்போது எனக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மகளுக்கு நாலு வயது.

என் கணவர் ஒரு மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. மாதத்தில் பாதி நாள் கோலார், தும்கூர், ஓசூர் என்று சுற்றுவார். லாட்ஜ் மூட்டைப்பூச்சியும் ஓட்டல் சாப்பாடும் அவருக்கு ஆகவே ஆகாது. யுத்தம் முடிந்த பிறகு மிலிட்டரிக்காரர்கள் பழைய வண்டிகளை ஏலத்தில் விட்டார்கள் இல்லையா, அதில் போய் ஓர் ஆம்புலன்ஸை எடுத்து வந்துவிட்டார். சிவாஜிநகரில் லாரிக்கு பாடி கட்டும் ஷெட் ஒன்றில் கொடுத்து, அதை வீடாகவே மாற்றிவிட்டார். இரண்டு பக்கமும் படுக்கப் பலகை, மேலே சாமான் தட்டு, ஸ்டவ் வைக்க ஒரு மேடை, ஒரு பல்பு, ஒரு மேஜை விசிறி. ஊர் ஊராகப் போகும்போது நாங்களும் கூடவே போவோம். நிறுத்துகிற இடத்தில் ஒரு கடையிலோ வீட்டிலோ கேட்டு, நீளமான ஒயர் இழுத்துக் கரண்ட் எடுத்துக்கொள்வோம். அத்திபெலேயில் ஒரு மளிகைக்கடைக்காரர் எங்கள் வண்டியைப் பார்க்க ஆட்களையே கூட்டி வந்திருக்கிறார். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. சொந்தக்காரர்கள் வந்தால் காபி கொடுப்பதற்கு முன்னால் வண்டியைத்தான் காட்டுவேன்.

ஊரில் இருக்கும் நாட்களில் அதை நிறுத்த இடமில்லை. அல்சூரில் நாங்கள் இருந்த சந்தில் மாட்டுவண்டி நுழைவதே கஷ்டம். மர்பி டவுனில் கொஞ்சம் அகலமான ஒரு தெருவில், ஒரு சின்ன ஓட்டு வீட்டின் முன்னால் நிறுத்திக்கொண்டோம். அந்த வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். அவருடைய மனைவிக்கு என் வயதுதான் இருக்கும். அவர்கள் வீட்டுக்குக் கரண்ட் வந்து அதிக நாள் ஆகவில்லை. ஒரே ஒரு பல்பு. கூடத்தில் புத்தர் படத்துக்குப் பக்கத்தில் தொங்கும். அந்தத் தெருவில் பாதி வீடுகளில் அப்போது மண்ணெண்ணெய் விளக்குதான்.

என் கணவர் போய்க் கேட்டதும் அந்த மனிதர் மறுபேச்சுப் பேசவில்லை. "லைட்டுக்குத்தானே சார், எடுத்துக்கோங்க" என்றார். பல்புக்குப் பக்கத்திலேயே ஒரு பிளக் வைத்து, ஜன்னல் வழியாக வண்டிக்கு ஒயர் வந்துவிட்டது.

டூர் கிளம்புவதற்கு முன் நானும் குழந்தையும் அங்கே போய் வண்டியைத் துடைத்து, சாமான் அடுக்குவோம். முதல் நாளே அந்தப் பெண் இரண்டு டம்ளரில் டீ எடுத்து வந்தாள். "வெயில்ல வேலை செய்றீங்களே, குடிங்கம்மா" என்றாள். நான் சிரித்துக்கொண்டே, இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்றேன். இன்னொரு நாள் தண்ணீர் கொண்டு வந்தாள். எனக்குத் தாகமில்லை என்றேன். குழந்தை கையை நீட்டியபோது அதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். வீட்டிலிருந்து கூஜாவில் கொண்டுவந்திருந்த தண்ணீரை அவள் முன்னாலேயே குழந்தைக்குக் கொடுத்தேன். அவர்கள் என்ன ஜாதி என்று நான் கேட்டதில்லை. கேட்காமலே எனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு. அதன் பிறகு அவள் எதுவும் கொண்டு வரவில்லை. பார்த்தால் மட்டும் சிரிப்பாள். அவள் வீட்டுக் கரண்ட்டில் என் விசிறி ஓடிக்கொண்டிருந்ததே, அது எனக்கு உறைக்கவே இல்லை.

அந்த வண்டியில் இரண்டு மூன்று விஷயங்கள் சரியில்லை. தெரிந்தும் விட்டிருந்தோம். ஆம்புலன்ஸ் என்பதால் கதவு பின்பக்கம் மட்டும்தான். உள்ளேயிருந்து திறக்கும் கைப்பிடி உடைந்திருந்தது. அடுத்த டூருக்குள் போட்டுவிடலாம் என்று என் கணவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒயர் தேவைக்கு மேல் நீளம். காலில் தடுக்குகிறதே என்று மீதியைச் சுருட்டி ஒரு பலகையின் மெத்தைக்கு அடியில் நான்தான் செருகி வைத்திருந்தேன். இதெல்லாம் போதாதென்று, நான் இஸ்திரிப் பெட்டி போட்டால் அந்த வீட்டில் ப்யூஸ் போய்விடும். இரண்டு தடவை போனதும், அவருக்கே உரிய அவசரத்தில், ப்யூஸ் கட்டையில் தடித்த கம்பியை முறுக்கி வைத்துவிட்டார் என் கணவர். "இனிமே போகாது பார்" என்றார். போகவில்லைதான்.

அன்றைக்கு மறுநாள் டூர். வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து அவருடைய சட்டைகளையெல்லாம் இஸ்திரி போட்டேன். முடித்ததும் பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, விசிறியைச் செருகினேன். எதிர்ப் பலகையில் குழந்தை தூங்கிவிட்டிருந்தது. தெருக்கோடியில் காய்கறி வண்டிக்காரன் கூவினான். குழந்தை எழுந்து கீழே இறங்கிவிடக்கூடாதே என்று கதவை வெளியில் தாழ் போட்டுவிட்டுப் போனேன்.

கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வீட்டுப் பெண்ணின் குரல் கேட்டது.

"அம்மா! வண்டியில பொகை! ஓடியாங்க!"

திரும்பிப் பார்த்தேன். வண்டியின் சின்ன ஜன்னல் வழியாகக் கறுப்பாகப் புகை வந்துகொண்டிருந்தது. கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். உள்ளே குழந்தை இருமுவது கேட்டது. அம்மா அம்மா என்று அழுகிற சத்தமும் கேட்டது. ஓடிய வேகத்தில் கதவுத் தாழைப் பிடித்தேன். அவ்வளவுதான், யாரோ அடித்துத் தள்ளியது மாதிரி தரையில் கிடந்தேன். தோள் வரைக்கும் கை மரத்துப்போயிற்று. எங்கேயோ ஒயரின் ரப்பர் உருகி, வண்டியின் தகரம் முழுக்கக் கரண்ட் ஏறியிருந்தது.

எழுந்து நின்றேன். இதுதான் சொல்லும்போது இன்றுவரை எனக்கு நா தடுமாறுகிற இடம். கதவு முன்னால் நின்றேனே தவிர, மறுபடி கையை நீட்ட எனக்குத் துணிவு வரவில்லை. நீட்டினேன், இழுத்துக்கொண்டேன். உள்ளே இருந்தது என் குழந்தை. நான் கூச்சல் மட்டும் போட்டேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். சட்டென்று தன் வீட்டுக்குள் ஓடினாள். துணி காயப்போடும் மூங்கில் கொம்பால் பல்புக்குப் பக்கத்திலிருந்த பிளக்கை ஒயரோடு அடித்துப் பிய்த்திருக்கிறாள். படபடவென்று வெடித்த சத்தம் வெளியே கேட்டது. ஜன்னலில் ஒரு வெளிச்சம் மின்னி அணைந்தது. அடுத்த நிமிஷம் வெளியே வந்தாள். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நேராக அந்தத் தாழைப் பிடித்து இழுத்தாள். கரண்ட் முழுசாக நின்றுவிட்டதா என்று அவளுக்கும் தெரியாது. தெரியாமல்தான் பிடித்தாள்.

கதவு திறந்ததும் புகை அப்படியே முகத்தில் அடித்தது. குனிந்து உள்ளே ஏறினாள். ஒரு நிமிஷம் அவளைக் காணவே காணோம். பிறகு குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே குதித்தாள். அதற்குள் அக்கம்பக்கத்து ஆட்கள் ஓடி வந்து, எரிகிற மெத்தையைத் தெருவுக்கு இழுத்துப் போட்டு, ஒரு வீட்டு வாசலில் கொட்டிக் கிடந்த மணலை அள்ளி வீசினார்கள். ஒயரைச் சுருட்டி வைத்திருந்த இடத்தில்தான் மெத்தை நடுவில் கருகி ஓட்டை விழுந்திருந்தது. இஸ்திரி போட்ட நேரம் முழுக்க அடியில் அது சூடேறிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் அதே மெத்தை மேல் உட்கார்ந்துகொண்டுதான் சட்டை மடித்திருக்கிறேன்.

குழந்தைக்கு முகமெல்லாம் கரி. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. "தண்ணி, தண்ணி" என்றது. என் கூஜா வண்டிக்குள் எங்கோ கிடந்தது. அந்தப் பெண் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து வந்தாள். குழந்தையின் வாயருகே கொண்டுபோனவள், சட்டென்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்க குடிக்க மாட்டீங்க, தெரியும்மா. கொயந்தைக்கு மட்டும் குடுக்கட்டுமா?"

அவள் குத்திக்காட்டிக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நெருப்புக்குள் போய் என் குழந்தையைத் தூக்கி வந்தவள், அதற்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க என்னிடம் அனுமதி கேட்டாள். அவள் உள்ளங்கையில் தோல் உரிந்து சிவந்திருந்தது. கேட்டுவிட்டு, நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள். தலையை மட்டும் ஆட்டினேன். குழந்தை மடமடவென்று குடித்தது. தெருவே சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று சொல்வார்களே, அப்படித்தான் இருந்தது எனக்கு.

மறுநாள் கரண்ட் ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். ப்யூஸ் கட்டையைப் பிடுங்கி அந்தத் தடித்த கம்பியைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"இது ப்யூசா? இதை யாரு போட்டது?" என்றார்.

என் கணவர், "லைன் கொஞ்சம் பழசுன்னு நினைக்கிறேன்" என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். புது லைன் அது. அந்த வீட்டுக்காரர் என் கணவரை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு, "நான்தான் சார் போட்டேன். தெரியாம போட்டுட்டேன்" என்றார்.

அவருடைய மனைவி துணி சுற்றிய கையோடு சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அவளும் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவர்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ.

"இல்லை சார். கம்பி போட்டது என் கணவர். ஒயரை மெத்தைக்கு அடியில சுருட்டி வச்சது நான். இவங்க பல்பு எரிய மட்டும்தான் லைன் வாங்கினாங்க" என்றேன். என் கணவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. ஆனால் அவரும் கொஞ்ச நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாம்" என்றார்.

அதிகாரி எங்களைத் திட்டியதில் தப்பே இல்லை. ஆனால் சட்டப்படி லைன் அந்த வீட்டுக்காரர் பெயரில். வேறு இடத்துக்குக் கரண்ட் கொடுத்த குற்றத்துக்காக அவர்கள் இணைப்பைத் துண்டித்தார்கள். எங்களுக்கு என்ன ஆயிற்று? ஒரு மெத்தையும் சில சட்டைகளும் போயின. அவர்களுக்குத்தான் வீடு இருட்டிப்போயிற்று. மறுபடியும் மண்ணெண்ணெய் விளக்கு.

என் கணவர் அலையாய் அலைந்தார். அந்த வீட்டு ஒயரிங்கைப் புதிதாகச் செய்து கொடுத்தார். ஆபீசில் எழுதிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். அப்படியும் லைன் திரும்ப வரச் சில மாதங்கள் ஆயின. எங்கள் வண்டியையும் சரிசெய்தோம். உள்ளேயிருந்து திறக்கிற கைப்பிடி முதலில் வந்தது. கதவருகில் கைக்கெட்டும் இடத்தில் மெயின் சுவிட்ச், தேவையான நீளத்துக்கு மட்டும் ரப்பர் தடித்த ஒயர், முன்பக்கம் டிரைவர் சீட்டுக்குள் புகுந்து வெளியேற ஒரு வழி, படிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு வாளி மணல். பிளக்கைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் உடனே கழற்றிவிடுவேன். குழந்தையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவது அதோடு நின்றது. அந்தத் தெருவில் மட்டும் பிறகு நாங்கள் வண்டியை நிறுத்தவில்லை. அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்களுக்குத்தான் முகம் இல்லை.

லைன் வந்துவிட்டது என்று தெரிந்த அன்று மாலை நான் மட்டும் அங்கே போனேன். கூடத்தில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் கையில் தழும்பு நன்றாகத் தெரிந்தது. குழந்தை எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டாள். உட்காரச் சொல்லிப் பாய் போட்டாள். கொஞ்ச நேரம் ஏதேதோ பேசினோம். நானாகவே, "ஒரு டீ கொடேன், குடிச்சிட்டுப் போறேன்" என்றேன். வீட்டிலிருந்து கிளம்பும்போதே அதைச் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் வந்திருந்தேன்.

அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு சிரித்தாள்.

"சக்கரை தீந்துட்ச்சிம்மா. இன்னொரு நாளைக்கு வாங்களேன்."

அன்று உண்மையிலேயே சர்க்கரை இல்லையா, அல்லது நான் கேட்டவுடன் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லையா, எனக்குத் தெரியாது. கேட்கும் யோக்கியதையும் எனக்கு இல்லை. சர்க்கரை இல்லாமலே குடிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம், அதுவும் வாயில் வரவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வருடமே என் கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. அவள் சொன்ன இன்னொரு நாள் வரவே இல்லை.

என் மகளுக்கு அந்தத் தீ ஞாபகம் இல்லை, புகை மட்டும் லேசாக ஞாபகம் இருக்கிறதாம். அவளைக் காப்பாற்றியது யார் என்று கேட்கும்போதெல்லாம் எதையும் விடாமல் சொல்கிறேன், நான் கையை இழுத்துக்கொண்டதையும் சேர்த்து. இன்றும் யார் வீட்டுக்குப் போனாலும், தண்ணீர் கொடுத்தால், தாகம் இல்லாவிட்டாலும் வாங்கிக் குடித்துவிடுகிறேன், அதனால் எதுவும் நேராகிவிடாது என்று தெரிந்தும்தான்.