ரஷ்யரின் கொப்பியில் இரண்டு பிள்ளைகள்

டென்மார்க்கின் எஸ்பியர்க்கில் தமிழ்ச் சங்கம் தொடங்கியது நான். பூட்டிக் கிடந்த மீன் கிடங்கைத் தமிழ்ப் பள்ளிக்கூடமாக்கியதும் நான்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் இவ்வளவும் செய்திருக்கிறேன். ஆனால் ஊரில் இருக்கும் மனைவியையும் மூன்று மகள்மாரையும் இங்கே அழைக்கப் போட்ட மனு மட்டும் இரண்டு வருடமாக அசையவில்லை. அதைக் கேட்கத்தான் கோபன்ஹேகன் போகிறேன்.

கடலைக் கடக்க, ரயில் அப்படியே கப்பலுக்குள் ஏறிவிட்டது. வெளியே கடல் தெரியாத பனிமூட்டம். கப்பலின் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே ஒரு வயதான ரஷ்யர் கொப்பியில் எழுதுகிறார். ஜார் மன்னர் காலத்து நாவல்கள் எழுதுபவராம். மன்னராட்சி திரும்பினால்தான் தன் நாடு உருப்படும் என்கிறார்.

"மன்னர் வந்தாலும் மனுவை மேசை லாச்சிக்குள்ளதானே பூட்டி வைப்பினம்?" என்று எனக்குத் தெரிந்த டேனிஷில் சீண்டுகிறேன்.

"ஓம், என்ர கதையிலயும் ஒரு மந்திரி அதைத்தான் செய்யிறான்," என்று சிரிக்கிறார். "நான் ஒண்டும் கற்பனை பண்ணுறேல்லை. செத்த சனம் வந்து சொல்லுது, எழுதுறன்."

எழுதியதையும் டேனிஷில் சொல்லிக் காட்டுகிறார். தூரதேசம் போன கணவனுக்காக ஒருத்தி வாசலில் நிற்கிறாள். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. பக்கத்தில் இரண்டு மகள்மார்.

என் மனைவிக்கும் அதே இடத்தில்தான் தழும்பு. அவளைப் பற்றி நான் இவரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"மூண்டு பெட்டையள் ஐயா."

"எனக்கு ரெண்டுதான் தெரியுது."

"வடிவாப் பாருங்கோ."

கண்ணை மூடித் திறக்கிறார். "இல்லை. இதை வந்து சொன்னதே ஒரு சின்னப் பெட்டைதான்."

பேனையோடு சேர்த்து அவர் கையைப் பிடிக்கிறேன். "மூண்டெண்டு எழுதுங்கோ! செத்தவை சொன்னதை விடுங்கோ, உயிரோட இருக்கிற தகப்பன் சொல்லுறன். கீழ என்ர பேரையும் போடுங்கோ, மூண்டாவது பிள்ளையைச் சொன்னது நான்தான் எண்டு."