ஒன்பது விரலும் கால்வாய்க் கரையும்

நடந்தவர்கள்: அண்ணன். மதினி. என் வீட்டுக்காரர். நான். கூப்பிடாமல் வந்த ஒரு செவலை நாய்.

நாங்கள் நாலு பேரும் ஒரே பட்டாசுக் கம்பெனி. அண்ணன் வெடிமருந்து கலக்கும் அறை. மதினி வெடிக்குச் சணல் சுற்றுவாள். நான் திரி வைப்பேன். வீட்டுக்காரர் லோடு ஏற்றுவார். தீபாவளி முடிந்து கம்பெனியை அடைத்திருந்தார்கள். அதனால் அந்தச் சமயம் நாய்க்கும் எங்களுக்கும் வித்தியாசம் இல்லை.

அண்ணனுக்குச் சர்க்கரை. போன வருடம் இடது காலில் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். மிச்சம் ஒன்பது. தீபாவளி கழிந்ததும் விருதுநகரில் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பாதத்தில் ஊசியால் தொட்டுத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டார். அண்ணன் எல்லாவற்றுக்கும் "தெரியுது" என்றான். ஊசியை மேசையில் வைத்துவிட்டு வெறுமனே கேட்டார். அதுவும் தெரிந்தது அவனுக்கு.

டாக்டரம்மா இரண்டு விஷயம் சொன்னார். தினமும் நடக்க வேண்டும், சமதளமான இடத்தில், மெதுவாக. செருப்பு இல்லாமல் ஓரடி வைக்கக் கூடாது, வீட்டுக்குள்ளேயும்.

"கால்ல உணர்ச்சி இல்ல. இன்னொரு புண்ணு வந்தா ஒரு விரலோட நிக்காது. பாதத்தையே எடுக்க வேண்டி வரும்."

மதினி தலையை ஆட்டினாள். அண்ணன் ஃபேனைப் பார்த்தான்.

வெளியே வந்ததும் மெத்தை வைத்த செருப்பு ஒன்று வாங்கினோம். நீலக் கலர். பார்க்கச் சோப்பு டப்பா மாதிரி இருந்தது.

"சமதளமாம்ல மச்சான்," என்றார் வீட்டுக்காரர். "நம்மூர்ல மேட்டுக்கு எங்க போக? பஸ் ஸ்டாண்டு வேகத்தடைதான் இங்க மலை."

எங்கள் ஊர் ஆமத்தூருக்கு அந்தப் பக்கம். மழைத் தண்ணீரைக் கண்மாய்க்குக் கொண்டுபோகிற கால்வாய் ஒன்று உண்டு. அதன் கரையில்தான் நடந்தோம். ஒரு பக்கம் மக்காச்சோளம், ஒரு பக்கம் பருத்தி, நடுவில் டீக் கலரில் தண்ணீர், மற்ற இடமெல்லாம் கருவேல முள். தூரத்தில் ஒரு செல்போன் டவர். எவ்வளவு நடந்தாலும் அது கிட்டே வராது. மயில் கத்தும். அழகான பறவை என்கிறார்கள். கத்துவதைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

சும்மா நடப்பது எங்களுக்குப் பழக்கம் இல்லை. வேலைக்கு நடப்போம், தண்ணீருக்கு நடப்போம். காரணம் இல்லாமல் நடந்தால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மதினி முதல் நாள் ஒரு காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

பார்த்தவர்களுக்கும் விளங்கவில்லை. கரையை ஒட்டி நிலம் வைத்திருக்கிற பெரியவர் மொபெட்டை நிறுத்தினார்.

"என்னப்பா, எடம் பாக்க வந்திருக்கீகளா?"

"இல்லைங்கய்யா. சும்மா நடக்கோம்," என்றான் அண்ணன்.

"சும்மாவா? நாலு பேரு சேந்தா?"

"சுகருங்கய்யா."

"அட, சுகரா. எனக்கும் இருக்கு. அதான் நான் நடக்கதே இல்ல, வண்டியிலயே சுத்துறேன்." வண்டியை உதைத்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். "எடம் வேணும்னா சொல்லுங்க. ரோட்டுக்கு வழி உண்டு."

ஒரு நாள் ராத்திரி நல்ல மழை. காலையில் போனால் கரை ஓர் இடத்தில் அறுத்துக்கொண்டு போயிருந்தது. திரும்பிவிடலாம் என்றாள் மதினி. பக்கத்தில் மூடிக் கிடக்கிற பழைய பட்டாசுக் கம்பெனி ஒன்று. கேட்டை யாரோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். தூண் இரண்டு மட்டும் நின்றன. பின்சுவரும் விழுந்து கிடந்தது. உள்ளே புகுந்து அந்தப் பக்கம் வெளியேறினால் திரும்பவும் கரைதான். அப்படியே போனோம்.

கரிசல் நனைந்தால் ஆளை விடாது. அடிக்கு அடி ஒட்டும். கொஞ்ச நேரத்தில் ஆளாளுக்குக் கணுக்கால் வரை களிமண்ணால் பூட்ஸ் போட்டது போல் ஆகிவிட்டது. யார் காலில் செருப்பு இருக்கிறது, யார் காலில் இல்லை என்று கடவுளுக்குக் கூடத் தெரியாது.

வீட்டு வாசலில் மதினி தண்ணீர் ஊற்றி அண்ணன் காலைக் கழுவினாள். குச்சியால் சுரண்டினாள். மண் வந்தது. இன்னும் மண் வந்தது. பிறகு கால் வந்தது.

"செருப்பு எங்கங்க?"

அண்ணன் குனிந்து பார்த்தான். "போட்டிருந்தனே."

"போட்டிருந்தா இருக்கணும்ல?"

"சேத்துல உருவியிருக்கும்."

"ரெண்டுமா?"

வீட்டுக்காரர் நாயைப் பார்த்தார். நாய் வேறு பக்கம் பார்த்தது. "இது மூஞ்சியப் பாரு. இதான் தூக்கிருக்கும். பயலுக்கு நீலக் கலரு பிடிச்சிருக்கும்."

மதினி சிரிக்கவில்லை. வலது பாதத்தைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள். பெருவிரலுக்குக் கீழே கருவேல முள். ஒடிந்து உள்ளே நின்றது. ரத்தம் மண்ணோடு காய்ந்திருந்தது.

"வலிக்கலையா?"

"என்னது?" என்றான் அண்ணன்.

அப்போதுதான் பெரியவர் வந்து மொபெட்டை நிறுத்தினார். நீலச் செருப்பு இரண்டும் ஹேண்டில்பாரில் தொங்கின.

"இது உங்களுதா? அந்த மூடுன கம்பெனி வாசல்ல கெடந்துச்சு. ரெண்டும் சேத்து, வெளிய பாத்து வச்சிருந்துச்சு. உள்ள யாரோ திருட்டுத்தனமா வேல பாக்காகன்னு நெனச்சேன். ஏலே வெளிய வாங்கலேன்னு தொண்ட கிழியக் கத்திட்டேன். போலீசுக்கே போன் போட இருந்தேன்."

எங்களுக்கு விளங்கிவிட்டது. மருந்து அறைக்குச் செருப்போடு போகக் கூடாது. அடியில் ஓர் ஆணி இருந்து தரையில் உரசினால் போதும், பொறி பறந்து மருந்து பற்றிக்கொள்ளும். அதனால் வாசலிலேயே கழற்றுவோம். கழற்றினால் வெளியே பார்த்து வைப்போம், ஓட வேண்டி வந்தால் அப்படியே மாட்டிக்கொண்டு ஓடலாம் என்று. ஓட வேண்டி வந்தால் யாரும் செருப்பைத் தேட மாட்டார்கள். ஆனாலும் அப்படித்தான் வைப்போம்.

தூண் இரண்டைக் கண்டதும் அண்ணன் கால் வேலைக்கு வந்துவிட்டதாக நினைத்துவிட்டது. அவனிடம் அது கேட்கவில்லை. நானும் அந்தத் தூணைத் தாண்டும்போது அதைத் தொட்டுவிட்டுத்தான் போனேன். கம்பெனியில் உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் தரைக்கு இறங்கட்டும் என்று, தொட்டுவிட்டுப் போக வாசலில் செம்புத் தகடு வைத்திருப்பார்கள். இங்கே இருந்தது வெறும் சிமெண்டு.

டாக்டரம்மா முள்ளை எடுத்து, கிழித்து, கட்டுப் போட்டார். பெருவிரல் கறுத்துப் போயிருந்தது.

"பாப்போம். ஆறலாம். ஆறலேன்னா எடுக்கணும். எங்க வரைக்குன்னு இப்பச் சொல்ல முடியாது."

ஆட்டோவில் மதினி கட்டுப் போட்ட காலை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்காரருக்கு அது பொறுக்கவில்லை.

"மச்சான், விரலு கொறஞ்சா செருப்புல எடம் தாராளமா இருக்கும்."

"ஒன் நாக்கத் தச்சா ஊருக்கு நல்லது, மாப்ள," என்றான் அண்ணன்.

"அண்ணே, செத்த சும்மா வாங்க," என்றாள் மதினி வீட்டுக்காரரிடம்.

கட்டு இருந்த நாளெல்லாம் அண்ணன் கட்டிலில். மதினி காலையில் எழுந்ததும் கட்டுக்கு வெளியே தெரிகிற விரல் நுனிகளைத்தான் பார்ப்பாள். முகர்ந்தும் பார்ப்பாள். நாய் வாசலில் படுத்தே கிடந்தது. பழி போட்டதற்கு அதனிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் மட்டும் ஒரு நாள் அதற்கு முட்டை வாங்கி வந்தார். கேட்டதற்கு, "சும்மா" என்றார்.

கட்டை அவிழ்க்கிற நாள் வந்தது. கிளம்பும்போது மதினி நீலச் செருப்பை அண்ணன் காலில் மாட்டி, சணலை எடுத்தாள். வெடிக்குச் சுற்றுகிற அதே சுற்று. பாதத்துக்குக் கீழே, மேலே, கணுக்காலைச் சுற்றி. இரண்டு காலுக்கும்.

"ஏய், இது செருப்பா, வெடியா?" என்றான் அண்ணன்.

"வெடிச்சாலும் கழலாது. பேசாம வாங்க."

டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா?" என்றார்.

"சணலுங்கம்மா. இவுக கால நம்ப முடியாது."

அவிழ்க்கக் கத்தரிக்கோல் வேண்டியிருந்தது. பிறகு கட்டைப் பிரித்தார். பஞ்சை நனைத்து எடுத்தார். பெருவிரலை அமுக்கிப் பார்த்தார். எங்கள் மூன்று பேர் தலையும் ஒன்றாகக் குனிந்து விளக்கை மறைத்தன. தள்ளி நிற்கச் சொன்னார்.

"ஆறிருச்சு. ஒண்ணையும் எடுக்க வேண்டாம்."

மதினி அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. தரையில் உட்கார்ந்தாள். இரண்டு காலையும் மடியில் இழுத்து வைத்து, வலதிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பிடித்து எண்ணினாள்.

ஒன்பது.