மணிலா என்னும் சக்களத்தி

அப்பாவின் நீலப் பெட்டியைத் திறந்தால் முதலில் வருவது உலர்ந்த மாம்பழத்தின் வாசனை. அதற்கடுத்து, ஈரம் முழுதும் காயாமல் மடித்து வைத்த சட்டைகளின் வாசனை. எல்லாவற்றுக்கும் அடியில், எங்கள் வீட்டில் யாரும் வாங்காத ஏதோ ஒரு சோப்பின் வாசனை. பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில் அப்போது நாங்கள் வாடகைக்கு இருந்தோம். பெட்டி திறக்கப்படும்போது அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள், நான் கதவில் சாய்ந்து நிற்பேன், அந்த வாசனை வந்ததுமே என் முகம் கடுத்துவிடும். மாம்பழத்தை வேண்டாம் என்று சொன்னதில்லை. ஒரு பொட்டலத்தை முழுதாகத் தின்று முடித்துவிட்டு, ராமநகரப் பழத்துக்கு இது உறை போடக் காணாது என்று சொல்வேன்.

பத்து வயதில் எனக்கு ஓர் ஊரின்மேல் பொறாமை இருந்தது. ஆளின்மேல் பொறாமை என்றால் பேசாமல் இருக்கலாம், தலைமயிரைப் பிடித்து இழுக்கலாம், டீச்சரிடம் கோள் சொல்லலாம்; கடலுக்கு அந்தப் பக்கம், நான் கண்ணால் பார்த்திராத மணிலா என்கிற ஊரை என்ன செய்ய முடியும்? சாப்பாட்டு மேஜையில் அதன் பெயர் வரும்போதெல்லாம் தண்ணீர் டம்ளரைச் சத்தமாக வைப்பேன். அவ்வளவுதான் முடிந்தது.

அப்பாவுக்கு கால் சென்டரில் வேலை. (வீட்டில் "டாடி" என்றுதான் கூப்பிடுவேன், எழுத உட்கார்ந்தால் அப்பா என்றுதான் கை போகிறது.) அமெரிக்காவில் யாருக்கோ கிரெடிட் கார்டு பில்லில் குழப்பம் என்றால், பெங்களூரில் இரவெல்லாம் விழித்திருந்து அப்பா அவர்களைச் சமாதானப்படுத்துவார். ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் ஸ்தனிஸ்லாஸ். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அமெரிக்காக்காரர்களிடம் பேச முடியாது என்று, அங்கே வேலைக்குச் சேர்ந்த எல்லோருக்கும் கொடுப்பதைப் போல அவருக்கும் ஒரு "போன் நேம்" கொடுத்திருந்தார்கள். ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் கம்பெனி வண்டி வந்து நின்றால் அப்பா "ஸ்டேன்" ஆகிவிடுவார். காலையில் பால்பாக்கெட்டோடு உள்ளே வரும்போதுதான் மறுபடி ஸ்தனிஸ்லாஸ். கொஞ்ச நாளில் அவரைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித்தருகிற ஆளாக ஆக்கினார்கள். பிறகு அந்தக் கம்பெனி, தன் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக மணிலாவுக்கு மாற்றத் தொடங்கியபோது, அங்குள்ளவர்களுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுக்க யாரை அனுப்பலாம் என்று பார்த்து அப்பாவையே அனுப்பினார்கள். அதற்கு "டிரான்சிஷன்" என்று பெயர். முன்கட்டில் இருந்த வீட்டுக்கார ஆன்ட்டி அதைத் தமிழில் சொன்னாள்: "நம்ம தட்டுல இருக்கற சோத்த நம்மளே எடுத்துப் போயி அவங்களுக்கு ஊட்டறது."

அதே ஆன்ட்டிதான் அம்மாவைக் கேலி செய்யும்போது, "என்னா ரோஸ்லின், உன் சக்களத்தி என்னா சொல்றா?" என்று கேட்பாள். அம்மா சிரிப்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

மூன்று மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே என்று அப்பா போய்வந்து கொண்டிருந்த காலம் அது. ஒவ்வொரு முறையும் பெட்டியில் கொண்டுவந்ததைவிட வாயில் கொண்டுவந்தது அதிகம். அங்கே பழைய நகரம் ஒன்று மதிலுக்குள் இருக்கிறதாம். ஸ்பெயின்காரன் கட்டிய மதில், அதன்மேல் ஏறி நடந்தே ஊரைப் பார்க்கலாமாம். சீனாப் பட்டெல்லாம் அந்த ஊருக்கு வந்து, அங்கிருந்து பெரிய பெரிய பாய்மரக் கப்பல்களில் மெக்சிகோவுக்குப் போய், திரும்பும்போது வெள்ளியாக வருமாம். கடைசியில் யுத்தத்தில் ஜப்பான்காரனும் அமெரிக்காக்காரனும் அதே ஊருக்குள் நின்று சண்டை போட்டு, மதிலுக்குள் இருந்ததையெல்லாம் தரைமட்டமாக்கிவிட்டார்களாம். "அத்தன குண்டு போட்டும் ஒரே ஒரு கோயிலு மட்டும் அப்படியே நின்னுச்சு பாரு," என்பார் அப்பா, தானே பக்கத்தில் நின்று பார்த்தவரைப் போல. யுத்தம் முடிந்து அமெரிக்கப் பட்டாளம் விட்டுப்போன ஜீப்புகளை அந்த ஊர்க்காரர்கள் நீளமாக இழுத்துக் கட்டி, கண்ணைப் பறிக்கிற வண்ணம் அடித்து, "ஜீப்னி" என்று பஸ்ஸாக ஓட்டுகிறார்களாம். கண்டக்டர் கிடையாது. பின்னால் உட்கார்ந்தவன் கொடுக்கிற காசு ஒவ்வொரு கையாக மாறி டிரைவரிடம் போய், மீதிச் சில்லறை அதே கைகளில் மாறி ஒழுங்காகத் திரும்பி வருமாம்.

"நம்ம சிவாஜிநகர் பஸ்ல குடுத்துப் பாருங்க," என்றாள் அம்மா. "சில்லறையும் வராது, குடுத்த கையும் வராது."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அங்கே போய்வர ஆரம்பித்த பிறகுதான் அப்படிச் சிரிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது, அதுவும் பொறுக்கவில்லை. மழை வந்து முழங்கால்வரை தண்ணீர் நின்றாலும் அந்த ஊர்க்காரர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வேலைக்குப் போகிறார்கள் என்பார். எங்கள் தெருவில் சாக்கடை நிரம்பி நான் ஷூவை நனைத்துக்கொண்டு வந்தால், பார்த்து நடக்கத் தெரியாதா என்பார். எங்கள் மாதா திருவிழா நடக்கிற செப்டம்பரிலேயே அங்கே கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கத் தொடங்கிவிடுமாம். அங்கே ஒரு கோயிலில் சிலுவை சுமக்கிற ஆண்டவர் கரிய மரத்தில் செய்தவராம், அவரை ஊர்வலமாகக் கொண்டுபோனால் ஊரே செருப்பில்லாமல் பின்னால் போகுமாம். "நம்ம கலரும்மா அவரு," என்று அப்பா தன் முழங்கையைத் தொட்டுக் காட்டினார். ஆண்டவரையும் அந்த ஊர் வளைத்துப் போட்டுவிட்டது என்றுதான் எனக்குப் பட்டது.

இவை எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருப்பேன். ஒருமுறை அப்பா இன்னொன்று சொன்னார். அந்த ஊரில் யாருக்கும் போன் நேம் கொடுப்பதில்லை. அவர்களுடைய சொந்தப் பெயர்களே அமெரிக்காக்காரன் வாயில் நுழைகிற பெயர்கள்தாம். ஸ்தனிஸ்லாஸ் என்ற பெயரிலும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். "அங்க என்னை என் பேரச் சொல்லிக் கூப்பிடறாங்க, ரோஸ்லின்," என்றார். அதைச் சொன்னபோது அவர் எங்களைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்த ஊரிடம் ஏதோ இருக்கிறது, அது எங்களிடம் இல்லை என்பது எனக்கு முதன்முதலில் அப்போதுதான் உறைத்தது.

அவரிடம் வேலை கற்றவர்களில் லோர்னா என்று ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவாள். அவள் வீட்டில் எடுத்த போட்டோ ஒன்றை அப்பா கொண்டுவந்தார். என் வயதுதான் இருக்கும் அவள் மகனுக்கு. அவன் அப்பாவின் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டிருந்தான். பெரியவர்களைக் கண்டால் அங்கே பிள்ளைகள் அப்படித்தான் ஆசீர் வாங்குவார்களாம், "மானோ" என்று பெயராம். எவ்வளவு அழகான பழக்கம் பார் என்று அப்பா தன் கையை எனக்கும் நீட்டினார். "அந்தப் பையனே வெச்சுக்கட்டும்," என்று சொல்லிவிட்டு நான் கொல்லைப் பக்கம் போய்விட்டேன். அது என் அப்பாவின் கை. அதில் எவன் நெற்றியோ பட்டிருக்கிறது என்பதை அன்றைக்கு முழுக்க என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கடைசிப் பயணத்துக்கு முந்தின முறை வந்திருந்தபோது அப்பா சொன்னதுதான் என் பொறாமையைப் பயமாக மாற்றியது. இருநூறு வருஷத்துக்கும் முன்னால், இங்கிலீஷ்காரன் மதராஸிலிருந்து கப்பலில் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு போய் மணிலாவைப் பிடித்தானாம். கொஞ்ச காலம் வைத்திருந்துவிட்டு ஸ்பெயின்காரனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, நம் சிப்பாய்களில் சிலர் கப்பலேறாமல் அங்கேயே நின்றுவிட்டார்களாம். மணிலாவை ஒட்டி காயிந்தா என்று ஓர் ஊர், அங்கே அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் இருக்கிறார்களாம். அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருக்கிறார். கடையில் சோடா விற்ற ஆள், நம் கோயிலில் காணிக்கைத் தட்டு எடுக்கிற சவரியார் மாமா மாதிரியே இருந்தாராம்.

"நம்ம ஆளுங்களும் அதே மதராஸ் பட்டாளத்துக்குப் பின்னாடி வந்தவங்கதானே," என்றார் அப்பா உற்சாகமாக. "நம்ம பெங்களூருக்கு வந்தோம், நின்னுட்டோம். அவங்க மணிலாவுக்குப் போனாங்க, நின்னுட்டாங்க. ஜாஸ்தி வித்தியாசம் இல்ல."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்: "அவங்களுக்கு மதராஸ்ல பொண்டாட்டி புள்ளைங்க இருந்திருக்கும் இல்ல? அவங்க என்னா ஆனாங்கன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

அதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அன்றிலிருந்து அந்த ஊர் எனக்கு வெறும் மாம்பழமும் மதிலுமாக இல்லை. நம் பக்கத்து ஆண்களை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு திருப்பி அனுப்பாத ஊராக ஆகிவிட்டது. அந்த முறை அப்பா விமானம் ஏறியபோது, ஒரு சிப்பாய் கரையில் விட்டுப்போன மகளாக என்னை நினைத்துக்கொண்டேன்.

அந்த டிசம்பரில் அப்பா வந்தார். ஸ்டூல்மேல் ஏறி வாசலில் காகித நட்சத்திரத்தைக் கட்டிக்கொண்டே, யாரிடமோ வேறு எதையோ பேசுவதுபோல விஷயத்தைச் சொன்னார். பெங்களூரில் அவர் வேலை பார்க்கிற தளத்தை மூடப்போகிறார்கள். மணிலாவிலேயே நிரந்தரமாக வந்து பயிற்சிக்குத் தலைவராக இரு என்கிறார்கள். குடும்பத்தையும் கூட்டி வரலாம். நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது, பக்கத்திலேயே கோயில், கடல்.

"எனக்கு இங்க என் க்ளாஸ் இருக்கு," என்றாள் அம்மா. அவள் எங்கள் கோயிலின் பங்குப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். "பங்குல யாரக் கேட்டாலும் ரோஸ்லின் டீச்சர்னு தெரியும். அங்க நான் யாரு? ஸ்டேனோட ஒய்ஃபா?"

"அங்க ஸ்டேன் கிடையாது," என்றார் அப்பா, மெதுவாக. பிறகு என்னைப் பார்த்தார். "நீ சொல்லு கண்ணு. போலாமா?"

அவர் முகத்தில் அப்படியோர் ஆசையை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. எங்களுக்காக எதையும் கேட்டு அவர் அப்படி நின்றதில்லை. அது அந்த ஊருக்காக வந்த ஆசை என்பதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

"நீங்க போங்க டாடி," என்றேன். "நாங்க இங்கயே இருக்கோம். அந்தப் பட்டாளத்துக்காரங்களோட பொண்டாட்டி புள்ளைங்க இருந்த மாதிரி இருந்துக்கறோம்."

அப்பா ஸ்டூலைவிட்டு இறங்கினார். நட்சத்திரம் ஒரு பக்கம் மட்டும் கட்டப்பட்டுக் கோணலாகத் தொங்கியது. அம்மா என்னைத் திட்டவில்லை. அந்த வருஷ கிறிஸ்துமஸ் முழுக்க அது அப்படியே தொங்கியது, யாரும் அதை நேராக்கவில்லை.

அவர் போகவில்லை. மார்ச்சில் தளத்தை மூடினார்கள். அதற்குப் பிறகு வங்கிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் ஆள் எடுக்கிற இடங்களில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லித்தருகிற வேலையை, ஓய்வு பெறும்வரை செய்தார். ஒருநாள்கூட எங்களைக் குத்திக்காட்டியதில்லை. பள்ளி ஆண்டுவிழா, என் பரீட்சை, அம்மாவின் ஆபரேஷன் எதற்கும் அவர் இல்லாமல் போனதில்லை. மணிலாவைப் பற்றிப் பேசுவதை மட்டும் அடியோடு நிறுத்திவிட்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ரிச்சர்ட்ஸ் டவுனில் அந்தப் பங்களா இல்லை. முன்கட்டு, பின்கட்டு, ஆன்ட்டியின் சப்போட்டா மரம் எல்லாவற்றையும் இடித்து அங்கே ஆறு மாடி கட்டிவிட்டார்கள். அப்பா வேலை பார்த்த கட்டடத்தில் இரண்டு மூன்று கம்பெனிகள் வந்து போய், இப்போது கல்யாண மண்டபம் நடக்கிறது. போன் நேம் என்றால் என்னவென்று என் அலுவலகத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. மணிலாவிலும் மனிதர் பேசின இடத்தில் இயந்திரம் பேச ஆரம்பித்துவிட்டது, லோர்னாவின் தளத்தில் பாதிப் பேருக்கு வேலை போய்விட்டது என்று அப்பா சொன்னபோது, ஒரு நொடி எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. அடுத்த நொடியே சீ என்றிருந்தது.

லோர்னாவையும் மற்றவர்களையும் அப்பாவுக்கு மறுபடி கண்டுபிடித்துக் கொடுத்தது அவருடைய புதுப் போன்தான். நாங்கள் இப்போது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அப்பாவின் அறைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. ரேடியோ என்றுதான் முதலில் நினைத்தேன். நிறையப் பேர் கை தட்டினார்கள், யாரோ பெயர் சொல்லி உற்சாகப்படுத்தினார்கள், ஸ்தனிஸ்லாஸ், ஸ்தனிஸ்லாஸ் என்று. அப்பா பாடிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் அப்பா பாடி நான் கேட்டதே இல்லை. கோயிலில்கூட உதட்டை அசைப்பார், அவ்வளவுதான். எங்கேயோ பத்திரமாக வைத்திருந்த குரல் அது, ஏறவும் இறங்கவும் அதற்குத் தெரிந்திருந்தது.

காபியை எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளினேன். போன் திரையில், மணிலாவில் ஓர் அறை நிறைய வயதானவர்கள், நடுவில் மைக்கோடு ஒருத்தி, லோர்னாவாகத்தான் இருக்க வேண்டும். அப்பா என்னைப் பார்த்தார், பாதி வரியில் பாட்டு நின்றது. வெளியாள் வந்துவிட்டதைப் போலச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "அங்க வெச்சுட்டுப் போம்மா," என்றார். வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினேன்.

பிறகு மெல்ல ஆரம்பித்து, விட்ட வரியிலிருந்து அவர் பாடத் தொடங்கினார். சமையலறை வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள், கையில் ஈரத்துணி. "அங்க போயி இருந்திருக்கலாம் இல்ல நாம," என்றாள்.

"எனக்கு இப்பவும் அந்த ஊரப் பிடிக்கல மம்மி," என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர அங்கிருந்து நகர முடியவில்லை. மூடின கதவுக்கு வெளியே நாங்கள் இருவரும், பாட்டு முடிகிறவரை நின்று கேட்டோம்.