பணிய வரலாமா?

மூக்கம்மாவுக்கு எதையும் மறக்கத் தெரியாது. அதை ஒரு குறையாக அவள் நினைத்ததும் இல்லை.

தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காலத்தில், ஃபீல்டு ஆபீசர் ஒருவர் எல்லார் முன்னாலும் "சிலோன்காரிக்கு வாயி மட்டும்தான் வேகம், கையி வேகமில்ல" என்று சொல்லிவிட்டார். அவள் கொழுந்தைப் பறித்துக்கொண்டே இருந்தாள். பல வருசம் கழித்து அவர் ரிட்டயர் ஆனார். பெண்கள் சார்பாக மாலை போட மூக்கம்மாவைக் கூப்பிட்டார்கள். மேசையில் அவருடைய பெரிய போட்டோவைச் சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே அவர் கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். மூக்கம்மா நேரே போய் மாலையைப் போட்டோவுக்குப் போட்டாள். போட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டாள். அவர் வீட்டம்மாள் அங்கேயே அழுதுவிட்டார்.

"தெரியாமப் போட்டுட்டேன் சார்" என்றாள்.

அப்படிப்பட்டவளோடுதான் நல்லசாமி விளையாடினார்.

குன்னூரிலிருந்து ஜெகதளா போகும் ரோட்டுக்கு மேலே, தேயிலைச் சரிவில் இருக்கிறது அவர்கள் காலனி. உச்சியில் மாரியம்மன் கோயில், அதை ஒட்டி மூக்கம்மாவின் வீடு. அங்கிருந்து கல்படி வளைந்து இறங்கும். கடைசியில், ரோட்டுக்குப் பக்கத்தில் நல்லசாமி வீடு. அவர் அவிநாசிப் பக்கத்துக் குடும்பம், ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். நக்கல் பிடித்த மனிதர். மூக்கம்மா வாயைத் திறந்தால் அவருக்குத் தீபாவளி. காரணம் ஒரு சொல்.

சிலோன் தோட்டத்தில் கீழே என்பதற்குப் 'பணிய' என்று சொல்வார்கள். பணிய மலை, பணிய லயத்து வீடு, பிள்ளை பணிய உருண்டுட்டான். சின்னப் பிள்ளையாகக் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, பிறகு இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்தவள் மூக்கம்மா. கூட வந்தவர்கள் எல்லாம் அந்தச் சொல்லை ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளானதும் வீட்டிலும் நிறுத்திக்கொண்டார்கள். அவள் பெற்ற இந்துமதியே ஒருநாள் "டீச்சர் முன்னாடி பணியன்னு சொல்லாதம்மா" என்றாள். மூக்கம்மா மட்டும் விடவில்லை. யாருக்காக விட வேண்டும்?

"யாருக்குப் பணியறதுங்க சிலோன்காரம்மா?" என்று நல்லசாமி கேட்பார். நாற்பது வருசமாக ஒரே நக்கல். அவருக்கு அலுக்கவே இல்லை.

மேட்டிலும் பள்ளத்திலும் சுமை தூக்கி நடந்ததில் அவள் முட்டி இரண்டும் தேய்ந்துபோயின. வலதுதான் மோசம். கோயம்புத்தூரில் காப்பீட்டில் அதை மாற்றி வைத்தார்கள். ஆபரேசன் நன்றாகவே முடிந்தது. வாக்கரை விட்டுவிட்டுக் கைத்தடியோடு வாசல்வரை வந்து, தேயிலையைப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்குத் தேறியிருந்தாள்.

அன்றைக்குத் திரும்ப டாக்டரிடம் காட்டப் போக வேண்டிய நாள். ரோட்டில் ஆட்டோ நின்றது. இந்துமதி பையை வைக்க முன்னால் இறங்கிவிட்டாள். மலை முழுக்கப் பஞ்சாக மூடுபனி. நடுவளைவில் நல்லசாமி தன் வீட்டுக்குக் குடிதண்ணீர் பைப்பு இழுக்க, இந்துமதி தாண்டிப்போன பிறகு படிக்கல் ஒன்றைப் பெயர்த்துப் போட்டிருந்தார். பெயர்த்த பள்ளத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். மேலிருந்து மூக்கம்மாவுக்கு மண்வெட்டிச் சத்தமும் அவர் செருமலும்தான் கேட்டன.

"நல்லசாமி அண்ணே, பணிய வரலாமா?"

"வாங்க, வாங்க" என்றார் அவர்.

அவள் வந்தாள். கல் இருக்க வேண்டிய இடத்தில் கல் இல்லை. புதுமுட்டி உடம்புக்கடியில் மடங்கியது. ஈரத்துணியைக் கிழிப்பதுபோல உள்ளே ஒரு சத்தம். வலியைவிட அந்தச் சத்தம்தான் அவளுக்கு இன்றைக்கும் ஞாபகம்.

முட்டிச்சில்லுக்குக் கீழே காலெலும்பைப் பிடித்திருக்கும் தசைநாண் அறுந்துவிட்டது என்றார்கள். அது அறுந்தால் கால் தானாக நிமிராது, தொங்கும். மாற்றி வைத்த முட்டியில் அது அறுவது ரொம்பச் சங்கடம், தைத்தாலும் பிடிப்பதற்குக் காலம் எடுக்கும் என்றார்கள். மறுபடியும் கத்தி. தொடையிலிருந்து கணுக்கால்வரை கட்டை மாதிரி ஒரு பட்டை. மடக்கவே கூடாது.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, காலனியில் நாலு பேர் கோயில் வாசலில் கூடி நல்லசாமியைக் கேட்டார்கள். சங்கத் தலைவர் அழகையாதான் கேட்டார். அவரும் சிலோனிலிருந்து வந்தவர்தான்.

"ஏனுங்க, அந்தம்மா 'பணிய வரலாமா'ன்னு கேட்டுச்சு" என்றார் நல்லசாமி. "பணின்னா நம்ம ஊர்ல வேலைங்க. பைப்பு வேலைக்கு ஆள் வேணும்னு ரெண்டு பேர்கிட்டச் சொல்லி வெச்சிருந்தனுங்க. அதுக்குத்தான் வரலாமான்னு கேக்குதாக்கும்னு, வாங்கன்னேன். அவங்க பாசை நமக்கு எங்கீங்க புரியுது."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஆபரேசன் பண்ணிய காலோடு பள்ளம் தோண்ட வந்த சிலோன்காரி. சிரிப்பில் கேள்வி கரைந்துபோனது. "பெரியம்மாவும் கொஞ்சம் நம்ம மாதிரிப் பேசிப் பழகியிருக்கலாம்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அழகையாவும் சிரித்தார்.

இந்துமதி இதை ஆஸ்பத்திரியில் வந்து சொன்னாள். சொன்னதும் அடடா, சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். மூக்கம்மா கட்டில் கம்பியைப் பிடித்துத் தலையைத் தூக்கினாள்.

"நாப்பது வருசமா நக்கலடிச்ச சொல்லு, அன்னைக்கு மட்டும் வெளங்கலயாமா?"

"விடும்மா."

"அவனுக்கு வெளங்குச்சு. அத ஊருக்கு முன்னால காட்டணும். காட்டாம நான் சாகமாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் அதுதான் அவளுக்கு மருந்து. குன்னூரிலிருந்து பிசியோதெரபி பார்க்கிற சசிரேகா வருவாள். முதலில் காலை நீட்டி வைத்துக்கொண்டு தொடைத்தசையை இறுக்கச் சொன்னாள்.

"யாரையாச்சு மனசுல நெனச்சுட்டு இறுக்குங்கம்மா. பேரன், பேத்தி, சாமி, யாரையாச்சு."

"ஆள் இருக்கு" என்றாள் மூக்கம்மா.

தசை கல்லாக எழுந்தது. சசிரேகா தொட்டுப் பார்த்துவிட்டு, "ரொம்பப் பாசமான ஆளாட்ட இருக்குதுங்க" என்றாள். மூக்கம்மா கண்ணை மூடிக்கொண்டு 'நல்லசாமி' என்று உதட்டுக்குள் சொல்லி இறுக்குவாள், விடுவாள். மறுபடியும் நல்லசாமி. ஒரு பக்தை நாமம் சொல்வதைப்போல. இந்துமதிக்குச் சில சமயம் சிரிப்பு வரும், சில சமயம் பயமாக இருக்கும்.

நல்லசாமி ஒருநாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தார். கூட அவர் மனைவி ஆயம்மாள். "கவலப்படாதீங்க, எல்லாஞ் சரியாப் போயிரும்" என்றார் அவர். போகும்போது வாசலில் நின்று, "அப்பறம், பணிய போறனுங்க" என்று சொல்லிச் சிரித்தார். ஆயம்மாள் புருசனை முறைத்தாள். மூக்கம்மா அந்தப் பாட்டிலைக் கடைசிவரை திறக்கவில்லை. கண்ணுக்கு நேரே, அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

கோபத்தால் ஒருமுறை கெட்டும்போனது. பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி மடக்க ஆரம்பித்த சமயம். மெதுவாக, மெதுவாக என்று சசிரேகா சொல்லிக்கொண்டே இருந்தாள். மூக்கம்மாவுக்கு எங்கே பொறுமை? ஆளில்லாத நேரத்தில் பட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, காலைப் பின்னால் தள்ளித் தள்ளி மடக்கினாள். அடுத்த தடவை சசிரேகா வந்து காலைத் தூக்கச் சொன்னபோது, தூக்கினாள். ஆனால் முட்டி முழுசாக நிமிரவில்லை, கடைசிக் கொஞ்சம் தொங்கியது.

சசிரேகாவின் முகம் மாறிவிட்டது. "என்னங்கம்மா பண்ணி வெச்சிருக்கீங்க? தச்ச எடம் இழுத்திருச்சுன்னா என்ன பண்றது? மடங்கறது பெருசில்லீங்க. சம்மணம் போட்டு உக்காந்து என்ன ஆகப்போகுது? நிமிந்து நிக்கறதுதான் பெருசு. அது போச்சுன்னா படியில கால் வெச்ச ஒடனே விழுவீங்க."

மறுபடியும் பட்டையைப் பூட்டினார்கள். மூக்கம்மா அன்றைக்குத்தான் அழுதாள். விழுந்தபோதுகூட அழாதவள்.

"ஜன்னல்ல உக்காந்தபடியே அவரத் திட்டிட்டுப் போயேம்மா" என்றாள் இந்துமதி. "இதுக்குப் போயி கால எதுக்கு கெடுத்துக்கற?"

"உக்காந்துக்கிட்டுத் திட்டுனா அதுக்குப் பேரு பொலம்பல். நான் நின்னு செய்யணும். அந்தப் படியில நின்னு."

அதற்கப்புறம் சசிரேகா சொன்னதற்கு மேல் ஒரு நூலளவும் அவள் போகவில்லை. பழிக்கும் பொறுமை வேண்டும் என்று கற்றுக்கொண்டாள். மழை வந்து போனது, பனிக்காலம் வந்து தேயிலை கருகியது, திரும்பக் கொழுந்து விட்டது. தொங்கிய அந்தக் கொஞ்சம் மெல்ல மெல்லக் குறைந்தது. முழுசாகப் போகவில்லை. நிற்கப் போதும்.

எப்படிச் செய்வது என்பது மட்டும் பிடிபடாமல் இருந்தது. அதையும் ஒரு காட்டெருமைதான் காட்டிக்கொடுத்தது. ஒரு காலையில் அது தேயிலைக்குள்ளிருந்து வந்து, படியில் மறித்து நின்றது. லாரி மாதிரி உடம்பு. நல்லசாமி பால்தூக்கைப் போட்டுவிட்டு ஓடிய ஓட்டத்தை ஜன்னலிலிருந்து மூக்கம்மா பார்த்தாள். அதற்கு முந்தின வருசம் அவருடைய மச்சானைக் காட்டெருமை முட்டித் தூக்கியது. அன்றிலிருந்து அவருக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே ஆகாது. பார்த்துக்கொண்டே இருந்தவள், தனக்குள் மெல்லச் சிரித்தாள்.

ஆடி மாதம் கோயிலில் பொங்கல் வைத்தார்கள். காலனியே மேலே கூடியிருந்தது. சாமி கும்பிட்டு முடிந்ததும் மூடுபனி இறங்கி, படியில் பாதிக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. நல்லசாமி வீட்டில் டிவியில் கிரிக்கெட். ஆயம்மாளைப் பெண்களோடு விட்டுவிட்டு, ஒரு தூக்குவாளியில் பொங்கலை வாங்கிக்கொண்டு முன்னதாகக் கிளம்பினார். முதல் வளைவில் கால் வைக்கும்வரை மூக்கம்மா காத்திருந்தாள்.

பிறகு வீட்டிலிருந்து வெளியே வந்தாள். சேலைக்குள் பட்டை. கையில் தடி. தலைப்படியில் வந்து, தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு காலிலும் நின்றாள். வலது முட்டி லேசாக நடுங்கியது. தசையை இறுக்கினாள். நல்லசாமி. நின்றது.

கத்தவில்லை. பக்கத்து வீட்டுக்குச் சொல்வதுபோல்தான் சொன்னாள்.

"நல்லசாமி அண்ணே. காட்டெரும. பணிய நிக்கிது."

தூக்குவாளி படியில் உருளும் சத்தம் முதலில் கேட்டது. அடுத்து செருப்புச் சத்தம். அதற்கடுத்து ஒரு செருப்பின் சத்தம் மட்டும். பனிக்குள்ளிருந்து நல்லசாமி மேலே வந்தார். கடைசிப் படிகளைக் கையையும் ஊன்றி நாலுகாலில் ஏறினார். மூக்கம்மாவின் பாதத்துக்குப் பக்கத்தில் வந்துதான் மூச்சுவிட்டார். வேட்டி அவிழ்ந்து ஒரு கையில் இருந்தது.

கோயில் வாசலில் எல்லாரும் தட்டோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏண்ணே ஓடி வாறீங்க?" என்றாள் மூக்கம்மா. "பணின்னா வேலைதானே? ஏதோ வேல நிக்கிதாக்கும்னு பேசாம போயிருக்கலாமே. மேல ஓடணும்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?"

முதலில் சிரித்தது ஆயம்மாள். வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க.

"அவருக்கு நல்லாவே புரியுமுங்க" என்றாள். "ஊட்ல என்னையே பணிய போ, பணிய வான்னு அந்தம்மா மாதிரிப் பேசித்தானுங்க கேலி பண்ணுவாரு."

அழகையா தட்டைக் கீழே வைத்தார். "அப்ப அன்னைக்கும் புரிஞ்சுதா நல்லசாமி?"

நல்லசாமி வேட்டியைக் கட்டிக்கொண்டே இருந்தார். அந்த முடிச்சு போட்டுத் தீரவில்லை. "வெளையாட்டுக்குத்தானுங்க" என்றார் கடைசியில். "பள்ளத்தப் பாத்துட்டு நின்னுக்குவாங்கன்னு… ரெண்டு வார்த்த திட்டுவாங்கன்னு…"

"சிரிங்க அழகையா அண்ணே" என்றாள் மூக்கம்மா. "அன்னைக்குச் சிரிச்சீங்களாமே."

அழகையா தலைகுனிந்தார்.

நல்லசாமி கையைக் கூப்பினார். "தப்புத்தானுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

"மனசுல வெச்சதாலதான் இந்தக் கால் நிக்கிது. அத எறக்கி வெச்சா திரும்பத் தொங்கிரும்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி, தலைப்படிக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தாள். வலது காலை நீட்டி, மெல்லத் தூக்கினாள், இறக்கினாள். இந்துமதி கொண்டுவந்த பொங்கலை நெய் வழிய நிதானமாகச் சாப்பிட்டாள். இவ்வளவு ருசியாக அவள் எதையும் சாப்பிட்டு வெகுநாளாயிற்று.

பனி விலகுவதாக இல்லை. காட்டெருமை நிஜமாகவே நின்றதா என்று யாருக்கும் தெரியவில்லை. நிற்கிறது என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். நல்லசாமி ஒற்றைச் செருப்போடு தலைப்படியில் நின்று கீழே எட்டிப் பார்த்தார். காது கொடுத்துக் கேட்டார். வேறு வழியில்லாமல் அவள் பக்கம் திரும்பினார்.

"மூக்கம்மா," என்றார், "பணிய போலாமுங்களா?"

மூக்கம்மா விரலில் ஒட்டியிருந்த நெய்யை நக்கினாள்.

"போங்க, போங்க" என்றாள்.

அவர் போகவில்லை. அங்கேயே நின்றார்.