சிறைக்கதவு திறந்த பிறகு

ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் என்னோடு வேலை செய்தவள் கிரேஸ். நைஜீரியாக்காரி. என்னிடம் பழகி, "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். இராணுவ ஆட்சிக் காலத்தில் அவளுடைய கணவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எந்தச் சிறை என்றுகூடத் தெரியாது. "ஆமி போகட்டும், அவர் வந்திடுவார்" என்பாள்.

ஆமி போனது. தேர்தல் நடந்து மக்களாட்சியும் வந்தது. இரண்டாயிரமாம் ஆண்டுக் கோடையில் அவரைத் தேடி ஊருக்குப் புறப்பட்டாள். "வரேக்கை மாப்பிள்ளையோடை வா, கோழிக்கறி காய்ச்சுறன்" என்று பகிடிவிட்டு அனுப்பினேன்.

திரும்பி வந்தவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். "எங்கையடி மாப்பிள்ளை? ஒளிச்சு வைச்சிருக்கிறியோ?" என்று முதுகில் தட்டினேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எல்லாச் சிறையும் திறந்திட்டினம், அக்கா. ஒவ்வொண்டாப் போய்க் கேட்டன். ஒரு இடத்திலையும் அவர் இல்லை. ஆமி இருக்குமட்டும், அப்பா உள்ளுக்கை இருக்கிறார் எண்டு மகளுக்குச் சொன்னனான். இனி என்னத்தைச் சொல்ல?"

அவள் மறுபடி கத்தியை எடுத்தாள். பக்கத்தில் நின்று நானும் சீவினேன்.

என் தம்பியையும் யாழ்ப்பாணத்தில் ஆமிதான் பிடித்தது. இரண்டாயிரத்து இரண்டில் அங்கே போர்நிறுத்தம் வந்தபோது, ஒஸ்லோவில் நாங்கள் இருந்த புருசெத் பகுதியில் எங்கள் சனம் வீட்டுக்கு வீடு கேக் கொடுத்தது. "இனித் தம்பி வந்திடுவான்" என்றார் என் கணவர். அவருடைய சந்தோசத்தைக் கெடுக்க மனமில்லாமல் தலையாட்டினேன். எத்தனையோ வருடங்கள் சமாதானம் வராதா என்று ஏங்கியவள் நான். அன்றைக்கு, வந்துவிட்டதே என்று பயமாக இருந்தது.